சாவிக்குத் திரும்புகிறாள், பெயருக்குத் திரும்பவில்லை

சாவிக்கொத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போன என் பிரியமான அப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயமாக இருக்கிறது. கயலுக்கு இருபது மாதம். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

அவள் சுகன்யா வயிற்றில் இருந்தபோது, பரவை காய்கறி மார்க்கெட்டில் வேலை முடிந்து எங்கள் விளாங்குடி வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஏப்பா, கருவ உறைய வச்சு, அப்புறம் வயித்துல வச்சாங்கன்னு சொல்றியே, பிள்ளை மூளைக்கு ஒண்ணும் ஆயிறாதுல்ல?"

நான் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உறைஞ்சா கெட்டுப்போக, உங்க மார்க்கெட்டு கேரட்டுன்னு நினைச்சீங்களா? தெரியாட்டி பேசாம இருங்க."

பேசாமல்தான் இருந்தீர்கள். அவள் பிறந்து நீங்கள் கண்மூடும்வரை, அந்த ஏழு மாதமும், தினம் வந்து அவள் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினீர்கள். "திரும்பிட்டாடா!" என்று சிரித்தீர்கள். விளையாட்டு என்று நினைத்தேன். போன வாரம்தான் சுகன்யா சொன்னாள்:

"விளையாட்டா? 'அவன்கிட்ட கேட்டா கடிக்கிறான் தாயி, அதான் நானே பாத்துக்கிறேன்'னாரு உங்கப்பா."

உங்களுக்கும் இம்புட்டு பயம் இருந்ததா அப்பா?

இப்போது நான் குலுக்குகிறேன். திருமங்கலம் தொழிற்சாலையில் பகலெல்லாம் சென்சார் சோதிப்பவன், வீட்டுக்கு வந்து மகளைச் சோதிக்கிறேன். சாவிச் சத்தத்துக்குச் சட்டென்று திரும்புகிறாள். "கயலு" என்றால் இல்லை. காது கேட்கிறது என்றால் கோளாறு வேறெங்கே? ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் கருவாகக் கிடந்த நாட்களிலா, உறைந்து கிடந்த மாதங்களிலா? பிள்ளை வேண்டும் என்று அவசரப்பட்டவன் நான்தானே?

குழந்தை டாக்டரிடம் போனோம். படிவத்தில் 'கருத்தரிப்பு' என்ற இடத்தில் 'இயற்கை' என்று டிக் அடித்தேன். பக்கத்து நாற்காலியில் நம் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அதனால்தான். சுகன்யா பேனாவைப் பிடுங்கி அதன் மேல் கோடு கிழித்தாள்.

"டாக்டர்கிட்டயே பொய்யா? அந்தத் தெருக்காரரா நம்ம பிள்ளைக்கு வைத்தியம் பாக்கப் போறாரு?"

டாக்டரம்மாவிடம் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன், வார்த்தை மாறாமல்.

"நீங்க எஞ்சினியரா சார்?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"தயாரிப்புல கோளாறான்னு கேக்குறீங்களே! கருத்தரிப்பு சிகிச்சையால பிறந்த பிள்ளைங்க பொதுவா மத்த பிள்ளைங்க மாதிரிதான் வளருதுங்க. குறைமாசமா, எடை கம்மியான்னுதான் முதல்ல பாப்போம். உங்க பொண்ணுக்கு ரெண்டும் இல்ல. ஆனா பேருக்குத் திரும்பலைங்கிறத விடக்கூடாது. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, முழுசாப் பாத்துருவோம்."

'பொதுவா' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் மகள் ஒருத்திதான்.

வெளியே வந்ததும் சுகன்யா கேட்டாள், "கோளாறு எங்கன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க? திருப்பிக் குடுத்துருவீங்களா?" கயல் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு வியாழன். என்ன சொல்வார்கள் என்று தெரியாது. ஒன்று மட்டும் உங்களுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். சாவிக்கொத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி அவளுக்குப் பின்னால் நின்று சோதிக்க மாட்டேன். கூப்பிடுவேன். அவள் திரும்பவில்லை என்றால், நான் சுற்றிப் போய் அவள் முகத்துக்கு முன்னால் உட்காருவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

அன்றைக்கு உங்கள் பக்கம் திரும்பாத உங்கள் மகன்,
கயலின் அப்பா