பிரேக்குக்குக் கீழே நாலு அடுக்கு

அன்பு மகள் பொம்மிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், கார் நலம். காரை எதற்கு இந்த வரிசையில் சேர்த்தாள் என்று சிரிப்பாய், சிரி, கடைசிவரை படித்தால் உனக்கே புரியும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம்தானே, அவனுக்கு இருமல் நின்றதா, ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்காதீர்கள் என்று சொன்னேனே, கேட்டாயா. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஒரு பக்கம்கூடத் திருப்புவதில்லை, காது முழுக்க நம் பேச்சில்தான். இது அவரைப் பற்றிய விஷயம், அவர் இல்லாத இடத்தில்தான் சொல்ல முடியும். அதனால் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, கண்ணாடி ஃப்ரேம்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். நடுவில் யாராவது மூக்குக் கண்ணாடி இறுக்குகிறது, காது வலிக்கிறது என்று வந்தால் எழுந்து போவேன், எழுத்து கோணலானால் பொறுத்துக்கொள்.

முன்பு நீ கூப்பிட்டபோது அப்பா உன்னிடம் என்ன சொன்னார், வயசாகிவிட்டது, இனிமேல் கார் எதற்கு, விற்றுவிடலாமென்று பார்க்கிறேன் என்றார். நீயும், சரிப்பா, இந்த அலைச்சலெல்லாம் உங்களுக்கு எதற்கு, விற்றுவிடுங்கள் என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, பக்கத்தில் நின்று தலையாட்டியவள் நானும்தான். ஆனால் போனை வைத்த பிறகு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம், நீங்கள் ஓட்டுங்கள் என்று நம்மில் யாராவது ஒருவர் சொல்லமாட்டோமா என்று காத்திருந்த முகம் அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்குக் கொஞ்சநாள் முன்னாலேயே அவர் சாவியை அலமாரி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். காலையில் என்னைக் கடையில் கொண்டுவந்து விடுவதும் சாயங்காலம் வந்து அழைத்துப்போவதும் நின்றது. கேட்டால் முட்டி வலி என்றார். நான் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன், அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, உட்கார இடம் கிடைத்தால் ஒரு தூக்கமே போட்டுவிடலாம். ஆனால் இவர் சட்டை மாற்றுவதைக்கூட விட்டுவிட்டார் பொம்மி. நான் கிளம்பும்போது வாசல்வரை வருவார், நிற்கிற காரைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். ஒருநாள் மறந்துவிட்ட குடையை எடுக்கப் பாதி வழியில் திரும்பி வந்தேன். குளியலறையில் இருக்கிற எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது காலால் அதை மிதி மிதியென்று மிதித்துக்கொண்டு, முள் எதுவரை போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன இது என்றேன். மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறாராம். காலில் ஏதோ வந்துவிட்டது, பக்கவாதம் மாதிரி ஏதாவது எட்டிப் பார்க்கிறது, நம்மிடம் மறைக்கிறார் என்று நினைத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால் சண்டைக்கு வருகிறார். உன்னிடம் சொல்லலாமென்றால் நீ அங்கே தூங்கமாட்டாய். எனக்குள்ளேயே போட்டுப் புழுங்கினேன்.

இதற்குள் காரை விற்கிற விஷயம் உன் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. என் தம்பியைத்தான் உனக்குத் தெரியுமே, எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன், உடனே ஒரு பல் டாக்டரைப் பிடித்துவிட்டான். அவர் மகளுக்கு ஓட்டிப் பழக ஒரு பழைய கார் வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்க்கிறேன் என்றாராம். வருகிறவர் முன்னால் அழுக்குக் காரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெண்ணை அனுப்புகிற மாதிரிதானே, தலைவாரியாவது அனுப்ப வேண்டாமா. வாளியும் துடைப்பமுமாக முதல்நாளே இறங்கிவிட்டேன். கார் கதவை இவர் பூட்டுவதே இல்லை, திறந்ததும் ஒரு நாற்றம், ஈரச் சாக்கை மூட்டைகட்டி வைத்த மாதிரி. இவர் ஒரு வாசனை டப்பாவைத் தொங்கவிட்டிருந்தார், அதுவும் சேர்ந்து நாற்றத்துக்கு நாற்றம், வாசனைக்கு வாசனை. முதலில் மேட்டையெல்லாம் எடுத்து உதறலாம் என்று ஓட்டுகிற சீட்டுக்கு முன்னால், கால் வைக்கிற இடத்தில் கையை விட்டேன்.

எடுக்கிறேன், எடுக்கிறேன், வந்துகொண்டே இருக்கிறது. மேலே நம் சமையலறை வாசலில் கிடந்து நைந்துபோன கால்மிதியடி. அதை எங்கே என்று நான் எத்தனை நாள் தேடினேன். அதற்குக் கீழே ஹாலில் விரித்திருந்தோமே சிவப்புக் கார்ப்பெட், அதில் வெட்டிய ஒரு துண்டு. அதற்கும் கீழே ஒரு ரப்பர் மேட், கிட்டத்தட்டப் புதுசு. அதற்கும் அடியில் கார் வாங்கும்போது கூடவே வந்த மேட், குதிகால் வைக்கிற இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் கீழே காரின் சொந்தக் கார்ப்பெட்டும் தேய்ந்து கிழிந்து, அதற்கடியில் இருக்கிற பஞ்சு ஊறிப்போய்க் கறுப்பாகக் கிடக்கிறது. காலமெல்லாம் நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை போட்ட உன் அப்பாவின் கை அல்லவா, கிழிந்ததைத் தூக்கியெறிய மனசு வராது, புதுசை அப்படியே விடவும் மனசு வராது. ஓட்டை விழுந்ததா, மேலே ரப்பர் மேட். ரப்பர் மேட் தேயக்கூடாதா, மேலே கார்ப்பெட் துண்டு. அது அழுக்காகக்கூடாதா, மேலே கால்மிதியடி. டிவி ரிமோட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை மாற்றி மாற்றி, எந்த பட்டன் எது என்றே தெரியாமல் நாம் ஒரே சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதே ஆள்தானே. நான் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போதுதான் முக்கியமான விஷயம், கவனமாகப் படி. அந்தக் கால்மிதியடியை இழுத்தபோது அது லேசில் வரவில்லை. எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். நாலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி முன்னால் போய், பிரேக் பெடலுக்கு அடியில் மடிந்து குவிந்திருந்தது. பெடலுக்கும் அந்தக் குவியலுக்கும் நடுவே என் கை நுழையவில்லை. வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், மிதியடியின் மேல் பெடலின் தடம் சதுரமாகப் பதிந்திருக்கிறது, வரி வரியாக. எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனாலும் அந்தத் தடத்தைப் பார்த்ததும் ஏதோ பொறிதட்டியது. எடை மெஷினும் வலது காலும் நினைவுக்கு வந்தன. கத்திக் கூப்பிட்டேன், என்னமோ ஏதோ என்று முகச்சவர நுரையோடு ஓடி வந்தார்.

தடத்தைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் எடுத்துப்போட்ட நாலையும் இருந்த மாதிரியே திரும்ப அடுக்கினார், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே பிரேக்கை மிதித்தார். பெடல் தொப்பென்று பாதியில் நின்றது. இறங்கி, எல்லாவற்றையும் அள்ளி வெளியே வீசிவிட்டு மறுபடி மிதித்தார். பெடல் சுகமாகக் கீழே போனது. திரும்ப மிதித்தார். திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே இருந்தார். கன்னத்து நுரை காய்ந்தே போய்விட்டது. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"என் கால்தான் போயிடுச்சுன்னு நெனச்சேன். அழுத்துறேன், வண்டி நிக்கல. உன்ன உக்கார வச்சுக்கிட்டு எங்கயாவது மோதிட்டா என்ன பண்றது? அதான் சாவிய உள்ள வச்சேன்."

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. என்னைக் கடையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது சிக்னலில் முன்னால் நின்ற வேனை லேசாக இடித்திருக்கிறார். கீறல்கூட விழவில்லை, வேன்காரர் இறங்கிப் பார்த்து, பரவாயில்லை பெரியவரே, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இடித்ததைவிட அந்தப் பெரியவரே என்ற வார்த்தைதான் இவரைத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. கால் இப்படியே மெல்ல மெல்லச் செயலற்றுப் போகும், மகளுக்குத் தெரிந்தால் அங்கே வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். இவ்வளவு நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று சண்டை போடத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நான் அழுகிறேன், உள்ளே உட்கார்ந்து அவர் கண்ணைத் துடைக்கிறார், நுரை கண்ணில் பட்டு எரிகிறதாம். எதிர்வீட்டுக்காரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். மேட் ஆச்சு என்றேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் மகளோடு வந்தார், உன் மாமா முன்னால் நின்று காரின் பெருமையை அளந்துகொண்டிருந்தான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மன்னிக்கணும், விற்பதாக இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. டாக்டர் நல்ல மனிதர், அதனாலென்ன என்று சிரித்துவிட்டு காபி குடித்தார். போகும்போது அவர் மகள் அப்பாவிடம் கியர் மாற்றுவது பற்றிச் சந்தேகம் கேட்க, வாசலிலேயே பாடம் ஆரம்பமாகிவிட்டது. இரண்டாவது காபியும் போட வேண்டியதாயிற்று. மாமா இன்னும் என்னோடு பேசவில்லை, பசித்தால் வருவான்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோய் பிரேக்கை முழுக்கச் சோதித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. அப்பாவின் காலையும் நரம்பு டாக்டரிடம் காட்டியாயிற்று, நான் விடவில்லை, அதிலும் ஒரு குறையும் இல்லை, உங்கள் மனைவியைவிட வேகமாக நடப்பீர்கள் என்றாராம், இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு சீட் கவர் கடைக்குப் போனோம். ஊறிய கார்ப்பெட்டையும் பஞ்சையும் பிய்த்தெடுத்து, அடித்தகடு நன்றாகக் காயும்வரை விட்டு, இந்தக் காருக்கென்றே அளவாக வருகிற புதுக் கார்ப்பெட்டைப் போட்டார்கள். அதன்மேல் ஒரே ஒரு மேட், நகராமல் இருக்கத் தரையோடு கொக்கி. இதற்குமேல் எதையும் போடக்கூடாது என்று கடைக்காரர் சொன்னார், அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார். மறுநாள் காலையில் நான் ஏறும்போது பார்த்தால் மேட்டின்மேல் பேப்பர் விரித்திருக்கிறது. எடுத்துச் சுருட்டி அவர் மடியில் வைத்தேன். பழக்கதோஷம் என்றார். இப்போது தினமும் நான் குனிந்து பார்த்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

இதைப் படித்து முடித்ததும் நீயும் போய் உன் காரில் குனிந்து பார். மேட் நகர்கிறதா, கொக்கி மாட்டியிருக்கிறதா, பெடலுக்கு அடியில் கை தாராளமாக நுழைகிறதா என்று பார். மழையில் நனைந்த ஷூவோடு ஏறுகிறீர்களே, மேட்டை வெளியே எடுத்துக் காயப்போடு, அப்படியே விட்டால் அடியில் அழுகும். ஓட்டை விழுந்தால் மாற்றிவிடு, மூடிவைக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல், அம்மா சொன்னாள் என்றே சொல்.

இங்கே காலைநேரம் பழையபடி ஆகிவிட்டது. தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, நான் செருப்பு மாட்டுவதற்குள் ஹாரன். ஓட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார், ராகம் பிடிபடவில்லை, நான் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் போட்ட தூக்கம் போனதுதான் எனக்கு நஷ்டம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இந்த முறை ஊருக்கு வரும்போது டாக்ஸி பிடித்துக்கொள்கிறேன், அப்பாவை அலைக்கழிக்க வேண்டாம் என்று நீ செய்தி அனுப்பியிருந்தாயே, அதை அவரும் பார்த்தார். அதுவும் நல்லதுதான் என்றார். அடுத்த விடுமுறை நாளில், புது மேட் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், சும்மா ஒரு சுற்று போய்வரலாம் வா என்றார். சுற்று எங்கே போய் முடிந்தது தெரியுமா, விமான நிலையத்தில். பயணிகள் வெளியே வருகிற வாசலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, இங்கேயும் அங்கேயும் நடந்து பார்த்துவிட்டு வந்து, "இங்க நிறுத்தினா, கொழந்தைய வச்சுக்கிட்டு அவ ரொம்ப தூரம் நடக்க வேண்டாம்" என்றார். பிறகு வீட்டுக்குத் திருப்பினார். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதனால் டாக்ஸி வேண்டாம். நான் சொன்னேன் என்று சொல்லாதே, நீயாகவே அவரைக் கூப்பிட்டு, அப்பா, நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேள். பதில் வராது, போனை என் கையில் கொடுத்துவிட்டுக் காரைத் துடைக்கப் போய்விடுவார், அதுதான் பதில்.

உடம்பில் நோய் அண்டாமல், மனதில் குறை அண்டாமல், நீங்கள் மூவரும் நிறைவாக இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தங்கள். காதை மூடி அழைத்து வா. அப்பாவிடம் கேட்க மறந்துவிடாதே.

இப்படிக்கு,
முன்சீட்டை உனக்கு விட்டுவிட்டுப் பின்சீட்டுக்குப் போகக் காத்திருக்கும்
உன் அம்மா