மழையில் தெரியும் பெயர்

கில்பெரன்,
அக்டோபர் 2, திங்கள்

அன்பு நண்பன் மலாக்கிக்கு,

கான்லெத் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் இங்கே யாரும் அவ்வளவு நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று நீயும் சொல்வதில்லை. முப்பத்தொரு வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன் நான். அடுத்தவர் கடிதத்தைச் சுமந்ததுதான் அதிகம், சொந்தமாக எழுதிப் பழக்கமில்லை. கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் கிளப் செய்தி. பிப்ரவரியில் உன் ஜன்னல் தொழிற்சாலை மூடியபோது நாற்பத்துமூன்று பேருக்கு வேலை போனது, நம் கால்பந்து கிளப் ரோவர்ஸுக்கு விளம்பரப் பணம் போனது. உன் இடத்துக்கு வேறு யாராவது வருவார்கள் என்று நம்பினோம். வருடாவருடம் உன் தோளில் கைபோட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வாரே ஹோட்டல்காரர், அவர் இப்போது என்னைக் கண்டால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறார். நேற்று இரண்டு முறை கடந்தார். வேண்டுமென்றேதான் நானும் பக்கம் மாறினேன்.

ஆட்டக்காரர்களுக்கு பதினான்கு வாரமாகச் சம்பளம் இல்லை. ஐந்து பேர் ஜூலையிலேயே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டு வாடகைக்கு விசுவாசம் புரியாது. வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்து கிடையாது, அவரவர் காரில் போகிறோம். போன மாதம் ஒரு காருக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. முதல் பாதியை எட்டு பேரை வைத்து ஆடி ஆறு கோல் வாங்கினோம். அந்த எட்டில் ஒருவர் நம் பயிற்சியாளர். அவருக்கு வயது நாற்பத்தாறு, ஒரு முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். அதற்குள் அடுத்த வருடத்துக்கு விளம்பரப் பணம் தரும் ஓர் ஆதரவாளரின் கையெழுத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் லீக்கில் இடம் இல்லை. கேட்காத கதவு இல்லை. சூப்பர்மார்க்கெட் வாசலில் காசு கேட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றும் பார்த்துவிட்டோம். கிளப் பிழைக்காது என்றுதான் நினைக்கிறேன் மலாக்கி.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. உன் பெயரைப் பற்றி.

புதுச் சட்டை வாங்க வழியில்லாததால் பழையதையே போடுகிறார்கள். மார்பில் உன் பெயர் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும், இன்னும் பெரிதாகப் போடு என்று அடம்பிடித்தவனே நீதான். வேலை போனவர்கள் கண்ணில் அது படவேண்டாம் என்று கமிட்டியில் முடிவாகி, சட்டைகளைத் துவைக்கும் நம் நோரீன் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் துணி ஒன்றை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். துணியோ மெல்லியது, நனைந்தால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. நம் ஊரில் என்றைக்கு மழையில்லை? முதல் பத்து நிமிடம் வெறும் சட்டை, அப்புறம் பதினொரு மார்பிலும் டூஹி ஜன்னல்கள். “துவைக்கிறதும் நானு, தைக்கிறதும் நானு. மழை வந்தா எட்டிப் பாக்குறது மட்டும் அவனா?” என்று நோரீன் உன்னைத் திட்டாத வாரமில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்பே நல்ல மழை. அணி ஓடி வரும்போதே உன் பெயர் தெரிந்துவிட்டது. நான் வழக்கம்போல அறிவிப்பு சொல்ல என் மரக்கூண்டில் மைக் முன்னால். பத்தொன்பது வருடமாக அந்த நேரத்தில் ஒரே வரியைத்தான் சொல்லியிருக்கிறேன். பழக்கம் பொல்லாதது. கண் படித்தது, வாய் சொல்லிவிட்டது: “இன்றைய ஆட்டத்தை வழங்குவோர், உங்கள் டூஹி ஜன்னல்கள்.”

இருநூறு பேர் இருந்திருப்பார்கள். தகரக் கூரைப் பக்கமிருந்து யூஜீன் லாவெல் கத்தினான். இருபத்துநாலு வருடம் உன்னிடம் கண்ணாடி வெட்டியவன், அவன் குரல் உனக்கு மறந்திருக்காது. “அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னும் சேத்துச் சொல்லுடா கான்லெத்!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

உன் மனைவி அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. மார்ச்சில் நீ போனதிலிருந்து பிரீட் தேவாலயத்துக்குக்கூட வருவதில்லை. அன்றைக்கு நோரீன்தான் ஆள் போதவில்லை, சாண்ட்விச் வெட்ட வா என்று விடாப்பிடியாக இழுத்து வந்திருக்கிறாள். தேநீர் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பிரீட் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

இடைவேளையில் தேநீர் வரிசையில் யூஜீனுக்குப் பின்னால் நான் நின்றேன். அவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, “உங்கள மனசுல வச்சுச் சொல்லலைங்க. நீங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது” என்றான். அவள், “சர்க்கரை ரெண்டுதானே?” என்று கேட்டுப் போட்டுக் கலக்கினாள். கலக்கிக்கொண்டே, “அவர் எங்க இருக்கார்னு எனக்கும் தெரியாது யூஜீன். இங்கிலாந்துல தங்கச்சி வீட்ல இருக்கார்னு ஊருக்குச் சொன்னேன். பொய். கொஞ்ச நாள் போயிட்டு வரேன்னு ஒரு துண்டுச்சீட்டு, அவ்வளவுதான். உயிரோட இருக்காரான்னுகூடத் தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள்.

மலாக்கி, ஏப்ரலில் நீ எனக்குப் போட்ட கடிதம் அப்போது என் கோட்டுப் பையில் இருந்தது. உலகத்தின் மறுபக்கத்து ஃப்ரீமான்டில் முகவரியோடு, யாரிடமும் சொல்லாதே, பிரீடிடம்கூட, என்று நீ அடிக்கோடிட்டிருந்த வரியோடு. அதற்குப் பிறகும் அவளிடம் நீ சொல்லவே இல்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. கொஞ்ச நாளில் நீயே சொல்லியிருப்பாய் என்று நம்பிக்கொண்டிருந்த மடையன் நான்.

அடுத்து என் முறை. “உனக்குச் சர்க்கரை வேணாம்ல?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மைக் கிடைத்தால் வாய் ஓயாதவன், கோப்பையை வாங்கிக்கொண்டு கூண்டுக்குத் திரும்பிவிட்டேன்.

யூஜீன் இரண்டாம் பாதி பார்க்கப் போகவில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து (தோற்றோம், இரண்டுக்கு ஒன்று) நோரீன் சட்டைகளை அள்ள வந்தபோது அவன் சொன்னானாம்: “அந்த ஒட்டுத்துணியெல்லாம் பிரிச்சு எடுத்துடு. நனைஞ்சு தெரியிறதுக்குப் பதிலா நேராவே தெரியட்டும். அந்தப் பேருல என்னோட இருபத்துநாலு வருஷமும் இருக்கு.” கமிட்டியும் ஒத்துக்கொண்டது. ஆக, கடைசி ஆட்டத்தில் உன் பெயர் மறைவில்லாமல் இருக்கும். உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. தீரவில்லை. எனக்கும் தீரவில்லை.

தொழில் நொடித்தது குற்றம் இல்லை. நாட்டின் வடக்கிலும் தெற்கிலும் எத்தனை கம்பெனிகள் மூடின, எத்தனை கிளப்புகள் தவிக்கின்றன. உன்னைவிடப் பெரிய ஆள்கள் எல்லாம் கைவிரித்துவிட்டு இதே ஊரில் தலைநிமிர்ந்துதான் நடக்கிறார்கள். சொல்லாமல் போனாயே, அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியைக் காப்பாற்ற உன்னால் முடியவில்லை, சரி. ஒரு தபால்தலை வாங்கக்கூடவா முடியவில்லை?

தபால்காரன் ஒரு கடிதத்தை உரியவரிடம் சேர்க்காமல் பையில் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் திருட்டு. முப்பத்தொரு வருடத்தில் ஒன்றுகூட நான் அப்படிச் செய்ததில்லை. உன்னுடையதை ஆறு மாதமாக வைத்திருக்கிறேன். அது என் பெயருக்கு வந்ததுதான், ஆனால் அவளுக்குப் போகவேண்டியது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அதனால் சொல்லிவிடுகிறேன். இருபத்தேழாம் தேதி கடைசி ஆட்டம் முடிந்ததும் அதைப் பிரீட் கையில் கொடுத்துவிடுவேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கப் பத்து, பன்னிரண்டு நாளாகும். மிச்சமிருக்கும் நாள் உனக்கு. என்னைக் கூப்பிடாதே, கிளப்பைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. வீட்டுத் தொலைபேசி எண் மாறவில்லை. மாற்ற அவள் விடவில்லையாம். காலை ஒன்பதுக்கு அவள் சமையலறையில் இருப்பாள், அங்கே உனக்குச் சாயங்காலம்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், அங்கே மழை பெய்கிறதா என்று கேள். பெய்கிறது என்பாள். அது போதும்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

என்றும் உன் நண்பன்,
கான்லெத் பிரீன்