சிவப்புப் பேனா அடித்த சொல்

என் கறாரான முதல் வாசகருக்கு,

பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கடிதமா என்று சிரிப்பீர்கள். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்களே.

எதிர் மாடியில் வல்லூறு மைனாவைப் பிடித்ததைப் பற்றிய என் கட்டுரையில், "பாவம்" என்று வந்த இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாம ரெண்டு பேரும்தானே ஜன்னல்ல நின்னு பார்த்தோம்? மைனா கடைசி வரைக்கும் திருப்பிக் கொத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அதை எழுது. பாவம்னு எழுதினா மைனாவைக் காணோம், உன் கண்ணீர்தான் தெரியுது. வல்லூறையும் திட்டாதே, அதுக்குப் பசி," என்றீர்கள்.

நான் மருத்துவமனையிலிருந்து திரும்பியதிலிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "பாவம்" என்ற அந்தச் சொல்லோடு வாசலிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். நீங்கள் மட்டும், குழாயைச் சரியாக மூடவில்லை என்று நேற்றுகூட என்னோடு சண்டை பிடித்தீர்கள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

கட்டுரையைத் திருத்திவிட்டேன். இப்போது அதில் மைனா இருக்கிறது. அதற்கும், நேற்றைய சண்டைக்கும் சேர்த்து நன்றி.

ஆனால் அந்தக் குழாயைத் திறந்துவிட்டுப் போனது நீங்கள்தான்.

இப்படிக்கு,
இன்னும் கொத்திக்கொண்டிருப்பவள்