விலகவில்லை, நீக்கினார்கள்

ஜூன் 7, சனி
சோளகக் காற்று. வீடெல்லாம் மணல். காயப்போட்ட கருவாட்டை இரண்டு தரம் மூடினேன்.
தம்பி மனைவி பிலோமினாவுக்கு மீன் வெட்டும்போது கையில் கத்தி. ஆழம். கழுவி, மருந்து போட்டு, என் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். "உங்கட கை பட்டாலே நோ போயிடும் மச்சாள்" என்றாள்.
நாளை மாதர் சங்கக் கூட்டம். மணல் அள்ளும் கம்பனிக்குக் கரையைக் கொடுக்க எங்கள் சம்மதக் கடிதம் வேண்டுமாம். தலைவி நான். கையெழுத்து வைக்கமாட்டேன். பிலோ என் பக்கம்.
வாங்க: சீனி, தேயிலை, பிஸ்கட்.

ஜூன் 8, ஞாயிறு
என்னை நீக்கப் பிரேரணை! கடதாசித் துண்டில் எழுதிப் போடுவோமா என்று செயலாளர் கேட்டாள். நான்தான் மடைச்சி. "எங்களுக்குள்ள என்ன ஒளிப்பு? கையை உயர்த்துங்கோ" என்றேன்.
முதலில் உயர்ந்த கையில் நீலக் கட்டு.
பிறகு மற்றவர்கள். எண்ணவில்லை. பிஸ்கட்டையும் தின்று முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஜூன் 10, செவ்வாய்
கடையில்: "அவவை இறக்கிப்போட்டாங்களாம்."
பஸ்ஸில்: "தூக்கியாச்சு."
கோயில் வாசலில்: "முந்தித் தலைவியா இருந்தவ." இரண்டே நாளில் 'முந்தி'.
கூட்டக் குறிப்புக் கொப்பியில் மட்டும், "சுகயீனம் காரணமாகத் தலைவி விலகினார்." எனக்கு ஒரு தும்மல், தடிமன்கூட இல்லை. விலகுவது என்றால் நானாக எழும்பிப் போவது. என்னைக் கதிரையிலிருந்து எழுப்பினார்கள். நீக்கம் அசிங்கமான சொல்லாம். செய்யும்போது அசிங்கம் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி
காற்றுக் குறைவு. பின்னேரம் பிலோ வந்தாள். புதுத் தலைவி அவள்தான். கையில் கடதாசி, பேனை.
"விலகுறன் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ மச்சாள். நீக்கினது எண்டால் அரசாங்கக் கந்தோரில விசாரிப்பாங்கள், கடிதம் இழுபடும். உங்கட தம்பிக்குக் கம்பனியில வேலை தாறம் எண்டவங்கள்."
தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.
எழுதினேன்: "நான் விலகவில்லை. என்னை நீக்கினார்கள். முதலில் கை உயர்த்தியவர் பிலோமினா." கையெழுத்தும் வைத்தேன்.
வாசித்துவிட்டு எழும்பினாள். கடதாசியை அவளுடைய பைக்குள் நானே வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், கையின் நீலக் கட்டெல்லாம் சீழ் ஊறியிருந்தது. ஆறு நாளாக அவிழ்க்கவே இல்லை.
"இரு. மருந்து கட்டிவிடுறன்."
அதே கையைத்தான் நீட்டினாள்.