இரண்டாவது கருப்பசாமி

அன்புள்ள பெரிய மாமா,

டிசம்பர் 3, புதன்கிழமை, மாலை 5.40. மில் ரோட்டு முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கட்டட வாசலில் வந்து நின்றவர்கள் முப்பத்தொரு பேர். என் தாளில் இருந்த பெயர்கள் இருபத்திரண்டு. இருந்திருக்க வேண்டியவை இருபத்து மூன்று. குறைந்த அந்த ஒன்று என் தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் வராது.

சித்திரையில் நீங்கள் காலமான பிறகு வந்த முதல் டிசம்பர் மூன்று இது. எழுபத்தொன்றில் இதே நாள், இதே பொழுதில், எதிரி விமானங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லையோர விமானதளங்களில் குண்டு போட்டன. அதில் ஒரு தளத்தில் நீங்கள் இருந்தீர்கள். இருபத்திரண்டு வயது, ராணுவப் பொறியாளர் பிரிவில் சிப்பாய். அதைப் பற்றி எத்தனை முறை கேட்டிருப்பேன்? ஒரே பதில்தான்: "குழி விழுந்துச்சு. மூடுனோம். பொறவு டீ குடிச்சோம்."

ஆனால் வருடா வருடம் அந்த நேரத்துக்கு நீல நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவீர்கள். அந்தப் போரில் விழுந்த நம் பக்கத்து ஆட்கள், திரும்பி வந்து பிற்பாடு இறந்தவர்கள், எல்லோர் பெயரையும் வாசிப்பீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் ஒருவர் 'ஆஜர்' என்று பதில் சொல்ல வேண்டும். முனகினால் விடமாட்டீர்கள். "கேட் வரைக்கும் கேக்கணும். இன்னொரு தடவ சொல்லுலே!"

இந்த வருடம் நோட்டு என்னிடம் வந்தது. "நீதான் அவிய செல்லம். நீயே வாசி" என்று அத்தை கொடுத்தார்கள்.

உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு எதுவும் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் நிம்மதி. உட்கார்ந்து எல்லாப் பெயரையும் ஏற்றினேன். ஓர் இடத்தில் 'மு. கருப்பசாமி, தேவதானம்' என்று அடுத்தடுத்து இரண்டு வரி. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது போல, ஒரே பெயரை இரண்டு முறை எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு வரியை அழித்தேன். ஒரு நொடி வேலை. அதே பட்டியலை வன்னியம்பட்டிக் கல் பட்டறையிலும் கொடுத்து, வாசலில் வைக்கக் கல்வெட்டும் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

புதன்கிழமை அந்தத் தாளைத்தான் வாசித்தேன். கருப்பசாமி பெயருக்கு ஒரு பையன் 'ஆஜர்' என்றான். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

"ஏலே, நில்லு."

பின்னால் தங்கம் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் எஸ்.ஐ.யாக இருக்கிறார்களே, அவர்கள்தான். டியூட்டிக்கு நடுவில் காக்கி உடுப்போடு வந்திருந்தார்கள்.

"எங்கப்பா பேரு எங்க?"

"வாசிச்சாச்சே அக்கா. தேவதானம் கருப்பசாமி."

"அது எங்க பெரியப்பா. நான் கேக்கது எங்கப்பாவ."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "லிஸ்ட்ல ரெண்டு தடவ இருந்துச்சுக்கா. டபுள் என்ட்ரின்னு எடுத்துட்டேன்" என்றேன்.

"டபுள் என்ட்ரியா? ஏலே இன்ஜினியரு, எதிராளி ஒரு தடவ தூக்குனான். நீ ரெண்டாந் தடவ தூக்கிட்டியே!"

யாரோ சிரித்தார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அப்பா இறந்து நாலு மாதம் கழித்துப் பிறந்தவர்கள் தங்கம் அக்கா. முகம் பார்த்ததில்லை. அப்பாவின் பெயரை ஊரறிய ஒருவர் கூப்பிட்டு, தான் பதில் சொல்வது வருடத்தில் இந்த ஒரு முறைதான். அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

காதர் மாமாதான் நாற்காலியிலிருந்து எழுந்தார். ராணுவத்தில் உங்கள் கம்பெனியில் லாரி ஓட்டியவர், இப்போது டயர் கடை.

"ரெண்டு பேருலே அவனுக. அண்ணன் தம்பி பிள்ளைக. தாத்தா பேர ரெண்டு வீட்லயும் வச்சுட்டாக. ஒருத்தன் அப்பன் முத்தையா, இன்னொருத்தன் அப்பன் முனியாண்டி. பெரியவன் லீவுல சின்னவன் ஊருக்குப் போயிட்டு வந்துட்டான்னா பாத்துக்கோ! பெரியவன், சின்னவன்னு பேரு பிரிச்சதே ஒங்க மாமாதான்."

கூட்டம் இந்த முறை முழுதாகச் சிரித்தது. தங்கம் அக்கா சிரிக்கவில்லை. காதர் மாமா அக்காவைப் பார்த்தே மீதியைச் சொன்னார்.

"அன்னைக்கு ஓடுதளத்துல குழிய மூடிக்கிட்டிருக்கோம். மறுபடி வருதான். எல்லாரும் பதுங்கு குழிக்கு ஓடியாச்சு. ஒங்கப்பன் ரோலர்ல இருந்தான். நடுவுல வண்டி நின்னு அடிபட்டுச்சுன்னா நம்ம பிளேன் ஏற முடியாது பாரு. ஓரத்துக்குக் கொண்டாந்து நிறுத்திட்டுத்தான் எறங்குனான். எறங்குனவன் எங்ககிட்ட வந்து சேரல. பெரியவன் பத்து நாள் கழிச்சு போர்முனையில உயிர விட்டான்." என் பக்கம் திரும்பினார். "ரோலர் எம்புட்டு வேகம் போகும்னு ஒனக்குத் தெரியும்லா?"

தெரியும். நான் ரோடு போடுகிறவன். ஆள் நடக்கிற வேகம்தான் போகும். மேலே விமானம் வருகிறது. கீழே ஒருவர் நடக்கிற வேகத்தில் ஓரத்துக்குப் போகிறார். குதித்து ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்.

"அதே ரோலர்ல பொறவு ஏறுனது யாரு தெரியுமா? இவன் மாமன். விடியுமுன்ன நம்ம பிளேன் ஏறிருச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மாமா, நான் வேலைக்குப் போன நாளிலிருந்து போனில் நீங்கள் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. சாப்பாடு, சம்பளம், கல்யாணம் எதுவும் இல்லை. "வேலை முடிஞ்சா ரோலர எங்கலே நிறுத்துதீக?" நான் எரிந்து விழுவேன்: "ஓரமாத்தான் மாமா! வேற கேள்வியே கெடயாதா?" நீங்கள் "சரிலே" என்று வைத்துவிடுவீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, நான்தான் இரண்டு நிமிடம் பொறுத்திருக்க வேண்டுமா?

மறுபடி வாசித்தேன். "முனியாண்டி மகன் கருப்பசாமி, தேவதானம்." தங்கம் அக்கா விறைத்து நின்று சல்யூட் வைத்தார்கள். "ஆஜர்!" எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

கடைசிப் பெயர் உங்களுடையது. உங்கள் மகன் வெளிநாட்டில். பதில் சொல்ல வேண்டியவன் நான். வாசித்துவிட்டேன், பதில் வரவில்லை. தாளைப் பிடித்தபடி நின்றேன்.

"ஆஜர்!" தங்கம் அக்கா. யார் பெயரை நான் அழித்தேனோ அவர் மகள். பிறகு என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்கள்: "அடுத்த வருசம் ஒழுங்கா சத்தமாச் சொல்லு. மாமா திட்டுவாக."

எனவே, செய்யப்போகிறவை:

1. நாளைக் காலை வன்னியம்பட்டி. இருபத்திரண்டு பெயர் வெட்டிய கல் வேண்டாம். புதுக் கல்லில் இரண்டு கருப்பசாமிகளும் அவரவர் அப்பா பெயரோடு, அடுத்தடுத்து, நீங்கள் எழுதிய வரிசையிலேயே.

2. பொங்கலுக்குள் கூமாப்பட்டியிலிருந்து தேவதானம் வரை இருபத்து மூன்று வீட்டுக்கும் போவேன். காதர் மாமாவைக் கூட்டிக்கொண்டு. நான் பேசமாட்டேன், கேட்பேன்.

3. தினமும் வேலை முடிந்ததும் ரோலர் எங்கே நிற்கிறது என்று நானே போய்ப் பார்ப்பேன்.

4. அடுத்த டிசம்பர் மூன்று, 5.40. தங்கம் அக்கா வாசிக்கட்டும். நான் கூட்டத்தில் நிற்பேன். உங்கள் பெயருக்கு நான் சொல்லும் பதில் கேட் வரைக்கும் கேட்கும்.

உங்கள் தங்கை மகன்,
செல்வம்