விளக்கெண்ணெயில் படுத்த கோடு

அன்பு மகன் சத்திபாபுவுக்கு அப்பா எழுதுவது. காக்கிநாடாவில் நாங்கள் சுகம், குவைத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாயிருக்க அன்னவரம் சாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் லீவு முடிந்து குவைத் திரும்பும் அப்பாராவ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலையில் வயர் ஒட்டி மூளை ஓட்டம் பார்க்கும் பெட்டியில் கோடு படுத்துவிட்டதென்று உன் பெரியப்பா சொன்னதும், வயரைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போங்கள் என்றாயாமே. படுத்தது கோடுதானடா, பிள்ளை இல்லை. அன்று உன் பெண்டாட்டி வீரவேணிக்குக் காய்ச்சல், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள உன் மாமியாரை உள்ளே விட்டார்கள். அந்த மகராசி, உச்சிக்குழி காயக்கூடாதென்று இடுப்பில் செருகியிருந்த சீசாவை எடுத்து, நர்ஸ் திரும்பிய நேரம் பார்த்து விளக்கெண்ணெயைத் தடவிவிட்டாள். தலையில் ஒட்டியிருந்த வயரெல்லாம் வழுக்கிவிட்டது, பெட்டியில் கோடும் படுத்துவிட்டது. நர்ஸ் கருணம்மா துடைத்துத் துடைத்து மறுபடி ஒட்டிக்கொண்டே, இது புள்ள தலையா, பெசரட்டு தோசை ஊத்துற கல்லாம்மா, எண்ண தடவுறீங்க என்று கேட்டாள். எம் பொண்ணுக்கும் தடவுனேன், அவ மூளை நல்லாத்தான இருக்கு என்றாள் சம்பந்தியம்மா. எங்க நல்லா இருக்கு, எம் பையனையில்ல கட்டிக்கிட்டா என்று வாசலில் நின்ற நான் சொன்னதும், வெளியே பெஞ்சில் காய்ச்சலோடு படுத்திருந்த வீரவேணிகூடச் சிரித்துவிட்டாள்.

ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்தவன், தலைக்குள் ரத்தம் கசிந்தது உண்மைதான். இந்தப் பிஞ்சுகளுக்குக் கை கால் ஆடாமலே வலிப்பு வருமாம், நம் கண்ணுக்குத் தெரியாது, கோட்டில்தான் தெரியுமாம். ஒரு தடவை அப்படித்தான் கோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். இப்போது கோடு நிமிர்ந்து அகலுவதும் குறுகுவதுமாக ஓடுகிறது. தூக்கமும் முழிப்பும் தனித்தனியாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு, நல்ல அறிகுறி, ஆனா நடப்பான் பேசுவான்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன் என்றார் டாக்டரம்மா. சத்தியம் யார் கேட்டது? உன்னை வளர்க்கும்போது மட்டும் எவன் எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தான்? கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட உன் பெரியப்பா ஒரு காகிதம் நீட்டினார், அதில் பெசரட்டு மடித்து வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். நம் பெசரட்டுத் தள்ளுவண்டியையும் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்தாயிற்று, டாக்டரம்மா கழற்றச் சொல்லும்வரை அந்த வயரை யாரும் தொட விடமாட்டேன்.

வீரவேணிக்கு நீயே போன் செய்து, சொன்ன வார்த்தையை உன் வாயாலேயே திரும்ப எடு. அவள் அதைச் சொல்லி இன்னும் அழவில்லை, எனக்கு அதுதான் பயம். குழந்தை படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிமேல் வீரவேணி குழந்தை என்றே ஒட்டியிருக்கிறது, நல்ல பெயராக ஒன்று யோசித்துச் சொல். நீயும் உன் மகனும் நூறாண்டு இருங்கள். சம்பந்தியம்மாவிடம் பிடுங்கிய சீசாவை அப்பாராவ் கொண்டுவருவான், மறக்காமல் உன் உச்சியில் வை. அங்கேதான் சூடு ஏறியிருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளையும் விடாத உன் அப்பா,
நூக்கராஜு