கவிழ்த்த கல்லுக்குக் கும்பாபிஷேகம்

ஜூலை 4, வெள்ளி

விடியும்போதே தூறல். துணி காயவில்லை. நான் பிள்ளை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகல். அம்மாக்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் அவசரத்தில் என் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். துடைத்துத் துடைத்து முந்தானையெல்லாம் பிசுபிசுப்பு.

தாத்தா கருமாதிக்கு வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், கற்பூரம், வாழையிலை, பருப்பு, அப்பளம். சுருட்டு ஒரு கட்டு (படத்துக்கு முன்னால் வைக்க. யார் என்ன சொன்னாலும் வைப்பேன்).

மாமா கொழும்பிலிருந்து வந்துவிட்டார், ஒரு பேனரோடு. எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முகப்பில் கட்டியாயிற்று. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தாத்தாவின் அடையாள அட்டைப் படத்தை எடுத்து, நெற்றி நிறையப் பட்டை போட்டு, கழுத்தில் உருத்திராட்சம் மாட்டி, பின்னால் ஒரு கோபுரம். 'சிவநெறிச் செல்வர், ஆலயத்தின் பெருந்தூண்.' எந்த ஆலயத்துக்கு? தோட்டத்துக் கோயில் கமிட்டி அவரை மண்டபப் படி ஏற விட்டதே இல்லை. கோழி அறுக்கிற கையாம், சுருட்டு வாடையாம். தாத்தா சிரிப்பார்: "அவங்க சாமிக்குச் சளி புடிச்சிருக்கும் புள்ள. நம்ம பொகை ஆகாது." எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அம்மா குவைத்திலிருந்து ஃபோன். அழுகை மட்டும். சாவுக்கும் வர முடியவில்லை, கருமாதிக்கும் வர முடியாது. வேலை செய்யும் வீட்டு மேடம் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. "அப்பா மொகத்தக் கூடப் பாக்கலடி." நான் என்ன செய்ய.

ஜூலை 6, ஞாயிறு

கொஞ்சம் வெயில். தாத்தாவின் கம்பளியை உலர்த்தினேன். துவைக்க மனமில்லை. அப்படியே மடித்து வைத்தேன்.

கோயில் கமிட்டி எங்கள் வீட்டுக்கே வந்தது. பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன், வேறு வழி. தோட்டத் தலைவர்தான் கமிட்டிக்கும் தலைவர். தொண்டையைச் செருமிக்கொண்டு:

"ஒங்க தாத்தா கும்பிட்ட கவ்வாத்துச் சாமிக் கல்லக் கீழ கொண்டாந்து, கோயிலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மண்டபம் கட்டிப்புடுவோம். அவரு பேர்லயே."

மாமா: "சீமெந்து, தகரம் எல்லாம் நம்ம கடையில இருந்து."

அப்படி ஒரு கல்லே கிடையாது என்றேன். தலைவர் சிரித்தார். "அதெல்லாம் சின்னப் புள்ளைக்குத் தெரியாதும்மா." எனக்கு முப்பதாகப் போகிறது. மாமா கண்ணாலேயே வாயை மூடு என்றார்.

எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் இவர்கள் சொல்வதே கதையாகிவிடும். எந்த மலையில் தேயிலைச் செடியைக் கிளை கழித்து வெட்டுகிற கவ்வாத்துத் தொடங்குகிறதோ, அந்த மலையிலேயே தாத்தா ஒரு கல் எடுப்பார். மஞ்சள் பூசி நிறுத்துவார். தேயிலை வெட்டப்போகிற ஆட்கள் கத்திகளை அதன் முன்னால் பரப்புவார்கள். கோழி, சாராயம், சுருட்டு. மந்திரம் எதுவும் தெரியாது அவருக்கு. சாமியிடம் நேருக்கு நேர் பேச்சுத்தான்: "எம் புள்ளைங்க கால்ல கத்தி பட்டுச்சு, அப்புறம் ஒனக்கும் எனக்கும் பேச்சு இல்ல." ஒரு வருஷம் ஒருத்தருக்குப் பட்டுவிட்டது. சொன்ன சொல் மாறாமல் அந்த வாரம் முழுக்க வீட்டில் விளக்கேற்றவில்லை மனிதர்.

கடைசிச் செடியும் வெட்டி முடிந்ததும் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, "போயிட்டு வாங்க சாமி" என்று கும்பிட்டு, குப்புறக் கவிழ்த்துவிடுவார். அதற்கப்புறம் அது வெறும் கல். அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அடுத்த மலைக்கு வேறு கல். கத்தி நடக்கிற இடத்தில்தான் சாமிக்கு வேலை என்பார். இவர்கள் அதைக் கோயில் வாசலில் கட்டிப்போடப் போகிறார்களாம்.

ஜூலை 8, செவ்வாய்

பனிமூட்டம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், தாயைக் கூப்பிட மலைக்கு ஆள் அனுப்பினேன். பால்மா தீரப் போகிறது, சொல்ல வேண்டும்.

கல்லைக் கொண்டுவந்துவிட்டார்கள். போன வருஷம் வெட்டின மலையில் தண்ணீர் ஓடுகிற கானோரம் கிடந்ததாம். கருப்பையா அண்ணன் வழியில் சொன்னார். தாத்தாவோடு எத்தனையோ வருஷம் கவ்வாத்து வெட்டியவர்.

"பெரட்டிப் பாத்தோம். அடியில மஞ்சக் கறை இருந்திச்சு. அவரு கவுத்த கல்லுதான்."

"கவுத்த கல்லுன்னு நீங்க சொல்லலியா அண்ணே?"

"சொல்லி? நாளைக்கு எனக்கு வேலைக்குப் பேரு போடுறது தலைவருதானே."

அவரிடம் என்ன கோபப்படுவது? பட்டேன்தான். வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் டமார் டமாரென்று வைத்தேன். 

கவ்வாத்துக் காலம் முழுக்கத் தாத்தாவுக்கு விரதம். மலையிலேயே கோழிக் கறி சமைத்து ஆட்கள் சாப்பிடுவார்கள். அவர் பங்கு மட்டும் வாழையிலையில் மடித்து எனக்கு வரும். எப்போதும் ஈரல். அம்மா குவைத்துக்குப் போனபோது நான் ஒன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து தலை பின்னிவிட்டதும் அவர்தான். கவ்வாத்து வெட்டுகிற கை, கண் மேலே செருகுமளவுக்கு இழுத்துப் பின்னும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் பின்னிய சடை மட்டும் சாயங்காலம் வரை அவிழாது.

ஜூலை 9, புதன்

கருமாதி முடிந்தது. மழை விட்டு விட்டு. சோறு போதவில்லை, மறுபடி உலை வைத்தோம்.

நான் சுருட்டு வைக்க, மாமா எடுக்க. நான் வைக்க, அவர் எடுக்க. கடைசியில் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன். தலைவர் மைக்கில் "அன்னார், அன்னார்" என்று முழங்கினார். "நம்ம கோயிலுக்கு அன்னாரின் தொண்டு சொல்லில் அடங்காது." அடங்காதுதான். படிக்குக் கீழே நின்று செய்த தொண்டாயிற்றே! உயிரோடு இருக்கும்போது ஒரு பிடி பொங்கல் கையில் கொடுக்காதவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகமாம். நானும் மைக்கைக் கேட்கப் போகிறேன். சொல்ல வேண்டியது:
- இது தாத்தா வழியனுப்பிவிட்ட கல்.
- படி ஏற விடாதது யார், பெயரோடு.
- பேனரை இறக்குங்கள்.

மாமா முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். நல்ல தூக்கம்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று. பந்தல் துணி அடித்துக்கொண்டே இருந்தது. டவுனிலிருந்து குருக்கள். ஹோமப் புகை எல்லார் கண்ணிலும். இந்தப் புகை மட்டும் ஆகுமாம்.

கல்லுக்குப் பட்டு, மாலை, சந்தனம். கீழே பளிங்குப் பலகை. 'உபயம்' என்று மாமா பெயர் கொட்டை எழுத்தில். தாத்தா பெயர் அதற்கடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும். நேரே மைக்குப் பக்கம் போனேன். தலைவர், "பாட்டுப் பாடப் போறியாம்மா?" என்றார். கையை நீட்டிவிட்டேன்.

ஃபோன் அடித்தது. அம்மா, வீடியோவில். குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, ரகசியக் குரல். "காட்டுடி. சீக்கிரம் காட்டு."

திருப்பிக் காட்டினேன்.

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பா கையி பட்ட கல்லுடி. பொதச்ச எடத்துல ஒரு கல்லு நடக்கூட தோட்டத்துல விட மாட்டாங்க. இனி நா வந்தா, வந்து நிக்க ஒரு எடம் இருக்கு. இதானேடி அப்பா கும்பிட்ட கல்லு?"

தலைவர் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இவர்கள் ஒருத்தருக்காகவும் நான் வாயை மூடவில்லை.

"ஆமாம்மா," என்றேன்.

"எனக்குப் பதிலா ஒருக்காத் தொட்டுக் கும்பிடு."

குனிந்து தொட்டேன். சந்தனமும் நெய்யுமாக வழுக்கியது.

"தொட்டியா?"

"தொட்டேன்மா."

அங்கே கதவைத் தட்டும் சத்தம். மேடத்தின் அதட்டல். அம்மா அரபியில் என்னவோ பதில் சொன்னாள், கெஞ்சுகிற குரல். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. லைன் போய்விட்டது.